செயின் கம்பிக்குள் விழுவது ஏன்? மலை சைக்கிள் கியர்: வாசகர் கேள்வி, பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த கடிதங்கள் எல்லாமே இந்த முறை பின் டீரெய்லரைச் சுற்றித்தான். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து (சுருக்கமாகப் பல்) இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் அந்தச் சின்னக் கருவியில் எச், எல், பி என்று மூன்று ஸ்க்ரூ இருக்கின்றன. எந்தக் கோளாறு என்றாலும் கை முதலில் அவற்றுக்குத்தான் போகிறது. அங்கேதான் பாதித் தொல்லை தொடங்குகிறது.

மகனின் 21 கியர் சைக்கிள் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அதிலிருந்து பெரிய பல்லுக்குக் கியர் போட்டால் செயின் ஸ்போக்ஸ் கம்பிக்குள் விழுகிறது. கடையில் ஸ்க்ரூ திருகிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் பழையபடி ஆகிவிட்டது. டீரெய்லரையே மாற்ற வேண்டுமா?
(பென்னாகரம்)

மாற்ற வேண்டியிருக்காது. வளைந்திருப்பது பெரும்பாலும் ஹேங்கர்தான். ஃபிரேமின் பின் முனையில், டீரெய்லர் தொங்குகிற அந்தச் சிறு உலோகத் துண்டு. சைக்கிளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணைப் பல்சக்கரங்களின் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். டீரெய்லரின் மேல் கப்பியும் கீழ்க் கப்பியும் பல்சக்கரத்துக்கு இணையாக ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். கீழ்க் கப்பி சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் உள்ளே மடங்கியிருக்கிறது. அந்த நிலையில் ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் ஒரு முனை சரியானால் மறுமுனை கெடும்.

சரிபார்க்க ஹேங்கர் கேஜ் என்ற கருவி உண்டு. ரிம்மைச் சுற்றி நான்கு இடத்தில் இடைவெளியை அளப்பார்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் 4 மி.மீ.க்குள் வர வேண்டும். 9 கியருக்கு மேல் என்றால் அதைவிடக் குறைவாக இருப்பது நல்லது. கேஜ் கிடைக்காவிட்டால் ஒரு வழி. ஹேங்கர் ஓட்டை 10 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. க்விக் ரிலீஸ் வகைப் (நட்டுக்குப் பதில் லீவரால் இறுக்கும்) பின்சக்கரத்தின் ஆக்சிலும் அதே அளவு. டீரெய்லரைக் கழற்றிவிட்டு, வேறொரு சைக்கிளின் அத்தகைய பின்சக்கரத்தை ஹேங்கரில் திருகுங்கள். நான்கைந்து மரை பிடித்தால் போதும். இரண்டு ரிம்களுக்கும் இடையே மேல், கீழ், முன், பின் அளந்து பாருங்கள். இடைவெளி ஒன்றாக வரும்வரை அந்தச் சக்கரத்தையே பிடித்து மெல்ல வளைக்கலாம். நட்டு போட்டு இறுக்கும் சாதாரண ஆக்சில் பெரும்பாலும் வேறு அளவு. அதை வலிந்து திருகினால் ஹேங்கர் மரை போய்விடும்.

இரும்பு ஹேங்கர் பலமுறை தாங்கும். அலுமினியம் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. அப்புறம் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். புதிது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஹேங்கரில் எத்தனையோ வடிவங்கள் இருக்கின்றன. சைக்கிள் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் சரியானது கிடைக்காது. விலை குறைந்த சைக்கிள்களில் தனி ஹேங்கர் இல்லாமல், டீரெய்லரோடு வந்த இரும்புத் தகடே ஆக்சில் நட்டில் மாட்டியிருக்கும். அதில் நட்டு லூஸாகித் தகடு நகர்ந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இதைச் சரிசெய்யும்வரை பெரிய பல்லுக்குப் போகவே வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். டீரெய்லர் ஸ்போக்ஸில் சிக்கினால் சக்கரம் அந்த நொடியே நின்றுவிடும். இனி லோடு ஆட்டோவில் ஏற்றும்போது இடப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைக்கவும்.

9 கியர் மலை சைக்கிளுக்குப் புது டீரெய்லர், கேபிள் வாங்கிவிட்டேன். நானே மாட்ட நினைக்கிறேன். எந்த வரிசையில் செய்வது?
(ஓசூர்)

5 மி.மீ. ஆலன் கீ, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், கேபிளுக்கான கட்டர், கொஞ்சம் கிரீஸ். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்காமல், பின்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கிக் கட்டுங்கள். பின்சக்கரம் ஃபிரேமில் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். அது கோணலாக இருந்தால் பிறகு செய்வது எல்லாமே கோணல்தான். ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று மேலே சொன்னபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவி, முதல் மூன்று நான்கு சுற்றை விரலாலேயே திருகுங்கள். ஆலன் கீயை முதலிலேயே போட்டால் மரை குறுக்கே ஏறுவது தெரியாது. டீரெய்லரின் பின்புறத்தில் பி ஸ்க்ரூ நிற்கும் சிறு நாக்கு ஒன்று உண்டு. அது ஹேங்கரின் படிக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். ஹேங்கருக்கும் டீரெய்லருக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் இறுக்குவது, வீட்டில் மாட்டுபவர்கள் செய்கிற முதல் தவறு. இறுக்கம் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். போல்ட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கீயைப் பிடித்து, எட்டுப் பத்துக் கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு அழுத்தினால் அந்த அளவு வரும்.

செயின் நீளத்தை இப்போதே பாருங்கள். டீரெய்லருக்குள் விடாமல், முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் இரண்டையும் சுற்றிச் செயினை இழுத்துப் பிடியுங்கள். அது சந்திக்கிற இடத்திலிருந்து இரண்டு இணைப்பு, அதாவது ஓர் அங்குலம், கூட வைத்து வெட்டுங்கள். குட்டையாக வெட்டிவிட்டால் என்றாவது பெரியதுக்குப் பெரியது போடும்போது டீரெய்லர் பிய்ந்துவிடும்.

அடுத்து எல்லை ஸ்க்ரூக்கள். கேபிளை மாட்டும் முன்பே இதை முடிக்க வேண்டும். கேபிள் இழுத்துக்கொண்டிருந்தால் சிறிய பல் பக்கத்து உண்மையான எல்லை தெரியாது. செயின் பின்னால் சிறிய பல்லில் இருக்கட்டும். எச் என்று குறித்த ஸ்க்ரூவைத் திருகி, மேல் கப்பி அந்தச் சிறிய பல்லின் வெளி விளிம்புக்கு நேர் கீழே வரும்படி வையுங்கள். பிறகு பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே டீரெய்லரை உள்ளே தள்ளிப் பெரிய பல்லுக்கு ஏற்றுங்கள். அங்கே கப்பி அந்தப் பல்லுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். எவ்வளவு தள்ளினாலும் அதைத் தாண்டி ஸ்போக்ஸ் பக்கம் நகரக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது எல் ஸ்க்ரூ. இரண்டையும் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். இறுக்கினால் எல்லை குறுகும், தளர்த்தினால் விரியும். அவற்றின் வேலை அவ்வளவுதான். நடுவில் இருக்கும் ஏழு பல்லுக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இனி கேபிள். ஷிஃப்டரை (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் லீவர்) சிறிய பல்லுக்குரிய எண்ணில், உங்களுடையதில் 9-இல், வையுங்கள். பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முழுக்க உள்ளே திருகி, ஒன்றிரண்டு சுற்று வெளியே எடுங்கள். கேபிளைக் கையால் விறைப்பாக இழுத்து, போல்ட்டின் கீழுள்ள பள்ளத்தில் வைத்து 6 முதல் 7 நியூட்டன் மீட்டர் இறுக்குங்கள். பள்ளத்தை விட்டுப் போல்ட்டின் மறுபக்கம் போட்டால் இழுக்கும் அளவே மாறிப்போய், எத்தனை அட்ஜஸ்ட் செய்தாலும் கியர் ஒத்துவராது.

ஒரு கிளிக் போடுங்கள். செயின் இரண்டாவது பல்லுக்குத் தயங்காமல் ஏற வேண்டும். அங்கே இருக்கும்போது, லீவரைக் கிளிக் ஆகாமல் அதன் லூஸ் தீரும்வரை மட்டும் அழுத்தியபடி பெடலைச் சுற்றுங்கள். செயின் மூன்றாவது பல்லை லேசாக உரசுகிற சத்தம் கேட்க வேண்டும். லீவரை விட்டதும் சத்தம் நிற்க வேண்டும். அதுதான் சரியான விறைப்பு.

கடைசியாக பி ஸ்க்ரூ. முன்னால் சிறிய பல், பின்னால் பெரிய பல். மேல் கப்பிக்கும் பல்லுக்கும் நடுவே 5, 6 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். உரசினால் ஸ்க்ரூவை இறுக்குங்கள், கப்பி விலகும். பயந்து அதிகம் விலக்கிவிட்டால் கியர் மாறுவது மந்தமாகும். முன்னால் ஒரே பல் வைத்த 12 கியர் சைக்கிள்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அதற்கு டீரெய்லரோடு வந்த தாளில் உள்ள அளவுதான்.

கேபிள் முனைக்கு மூடி போடுங்கள். முதல் 50 கி.மீ. ஓட்டியபின் கியர் கொஞ்சம் தளரும். கேபிள் நீண்டுவிட்டது என்பார்கள். உண்மையில் அவுட்டரின் (கேபிளின் வெளியுறை) முனைகள் மூடிக்குள் அழுந்தி உட்காருகின்றன. பேரலை அரைச் சுற்று திருப்பினால் சரியாகிவிடும்.

பேரலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது எப்போதும் குழப்பம்.
(காவேரிப்பட்டணம்)

பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் லூஸ்: இடஞ்சுழியாக, பேரல் வெளியே வரும்படி. சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் கேபிள் டைட்: வலஞ்சுழியாக. ஒரு முறைக்குக் கால் சுற்று. ஏறவும் தயங்குகிறது, இறங்கவும் தயங்குகிறது என்றால் பேரலை விட்டுவிடுங்கள். கேபிள் அவுட்டருக்குள் சிக்குகிறது, அல்லது ஹேங்கர் வளைந்திருக்கிறது.

குவாரி லாரிகள் ஓடும் சாலையில் தினமும் ஓட்டுகிறேன். கேபிள் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, கியர் இறங்க மறுக்கிறது. செயினுக்கு வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் விடுகிறேன்.
(பர்கூர்)

இரண்டு கேள்வி இதில் இருக்கிறது. இறங்க மறுப்பது கேபிளால். ஏறும்போது உங்கள் கட்டைவிரல் இழுக்கிறது. இறங்கும்போது இழுப்பது டீரெய்லரின் ஸ்பிரிங் மட்டும்தான். அவுட்டருக்குள் கல்தூசி போனால் ஸ்பிரிங் தோற்றுவிடுகிறது. தூசி அதிகம் நுழைவது டீரெய்லருக்குப் பக்கத்தில் வளைந்து வரும் கடைசித் துண்டு வழியாக. இன்னர் (உள்ளே ஓடும் கம்பி) நன்றாக இருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் தீரும். வாங்கும்போது கியர் அவுட்டர்தானா என்று வெட்டுமுனையைப் பாருங்கள். 4 மி.மீ. கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும். 5 மி.மீ. பிரேக் அவுட்டரில் பட்டைக் கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். அதைக் கியருக்குப் போட்டால் ஒவ்வொரு கிளிக்கிலும் அமுங்கிக் கொடுத்து, கியர் ஒருபோதும் நிலைக்காது. மாற்றிப் போடுவது இன்னும் மோசம். பிரேக்குக்குக் கியர் அவுட்டர் போட்டால், அழுத்திப் பிடிக்கும்போது வெடித்துப் பிரேக்கே போய்விடும். வெட்டிய முனையைச் சமமாக அரத்தால் தேய்த்து, உள்ளே நசுங்கிய பிளாஸ்டிக் குழாயை ஊசியால் திறந்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் செயின் இணைப்புகளே விறைத்து நிற்கும். உறையாத நேரத்தில் கல்தூசியைப் பிடித்துக்கொண்டு அரைத்த விழுது போலாகிப் பல்லைத் தின்னும். பழைய இன்ஜின் ஆயிலில் ஏற்கெனவே இரும்புத் துகள் இருக்கிறது, அதுவும் ஆகாது. உலர்வகைச் செயின் லூப் (செயினுக்கான எண்ணெய்) வாங்கி, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்ய வேண்டியது உள்ளே. வெளியே மினுமினுப்பதெல்லாம் தூசிக்குத்தான் இடம்.

8 கியர் ஷிஃப்டரோடு, நண்பர் கொடுத்த 10 கியர் மலை சைக்கிள் டீரெய்லரைப் போட்டேன். இரண்டும் சிமானோதான். நடுக் கியர்கள் எதுவும் பொருந்தவில்லை. என்ன தவறு செய்தேன்?
(அரூர்)

உங்கள் கைவேலையில் தவறில்லை, கணக்கு ஒத்துவரவில்லை. கிளிக் சத்தத்தோடு மாறும் கியரை சிமானோ 1984-இல் டூரா ஏஸ் வரிசையில் கொண்டுவந்தது. அதற்கு முன்பு கியரின் இடத்தைக் கண்டுபிடித்தது ஓட்டுபவரின் விரல். எதோடு எதையும் சேர்க்க முடிந்தது. இப்போது இடத்தைத் தீர்மானிப்பது ஷிஃப்டர் இழுக்கும் கேபிள் நீளமும், அதை டீரெய்லர் பெருக்கிக் காட்டும் விகிதமும். 8 கியர் ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.8 மி.மீ. இழுக்கும். பழைய சிமானோ டீரெய்லர் அதைச் சுமார் 1.7 மடங்காக்கும்: 4.8 மி.மீ. 8 கியர் கேசட்டில் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பு) பல்லுக்குப் பல் இடைவெளி அதுவே. உங்கள் 10 கியர் மலை சைக்கிள் டீரெய்லரின் விகிதம் சுமார் 1.2 மட்டும். ஆக 3.4 மி.மீ.தான் நகர்கிறது. ஒரு கிளிக்குக்கு 1.4 மி.மீ. குறைந்தால் மூன்று கிளிக்கில் ஏறக்குறைய ஒரு பல்லே தவறிவிடும். பேரலால் இதை ஈடுகட்ட முடியாது.

அதே சிமானோவின் 9 கியர் மலை சைக்கிள் டீரெய்லர் ஒன்று தேடிப் பாருங்கள். அதன் விகிதம் 8 கியருக்கும் 7 கியருக்கும் உள்ளதுதான், அப்படியே பொருந்தும். இன்னொரு நிறுவனமான ஸ்ராமின் ஷிஃப்டரும் சிமானோ டீரெய்லரும் பொதுவாகச் சேராது.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மேட்டில் அழுத்தி மிதித்தால் செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கிறது. போன வாரம்தான் புதுச் செயின் போட்டேன்.
(பாலக்கோடு)

புதுச் செயின் போட்டதுதான் காரணம். பழைய செயின் நீண்டு, அதற்கேற்பப் பல்லும் தேய்ந்திருக்கிறது. புதியது அந்தப் பள்ளத்தில் உட்காரவில்லை. நீங்கள் அதிகம் பயன்படுத்தும் இரண்டு மூன்று பல்லில் மட்டும் குதித்தால் இது உறுதி. கேசட்டோ ஃப்ரீவீலோ (பின் பல்சக்கரத் தொகுப்பின் இரு வகைகள்) எது இருக்கிறதோ அதையும் மாற்ற வேண்டும். அடுத்த முறை இரும்பு ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். புதுச் செயினில் 12 அங்குலத்துக்குள் ஒரு பின்னிலிருந்து (இணைப்பு ஊசி) அடுத்த பின்வரை என்று 24 இடைவெளி சரியாக அடங்கும். கடைசிப் பின் 12 அங்குலக் கோட்டை ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியதும் செயினை மாற்றினால் பல்சக்கரம் தப்பும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் செலவு.

வத்தல்மலைக்குப் போகும் வழியில் கேபிள் அறுந்தாலோ டீரெய்லரே உடைந்தாலோ எப்படி வீடு திரும்புவது?
(தருமபுரி)

கேபிள் அறுந்தால் செயின் சிறிய பல்லுக்கு இறங்கி நின்றுவிடும். எச் ஸ்க்ரூவை முழுக்க இறுக்குங்கள். டீரெய்லர் உள்ளே நகர்ந்து இரண்டாவது, சிலவற்றில் மூன்றாவது பல்லில் நிற்கும். முன் கியரை மாற்றிக்கொண்டே ஓட்டிவிடலாம்.

டீரெய்லர் உடைந்தால் செயினைக் கழற்றி, முன்னால் நடுப் பல்லுக்கும் பின்னால் நடுவிலுள்ள ஒரு பல்லுக்கும் நேர்க்கோட்டில் போட்டு, அளவுக்கு வெட்டி இணையுங்கள். செயினின் இணைப்பு ஊசியைத் தள்ளும் கருவியும் ஒரு க்விக் லிங்க்கும் (செயின் முனைகளைச் சேர்க்கும் தனி இணைப்பு) பையில் இருந்தால்தான் இது முடியும். ரொம்ப விறைப்பாக இணைக்காதீர்கள். கேசட் பற்கள் செயினை மேலே ஏற்றுவதற்கென்றே செதுக்கப்பட்டவை. கொஞ்சம் கோணல் இருந்தாலும் பெரிய பல்லுக்குத் தாவி இறுகிக்கொள்ளும். மெதுவாக மிதியுங்கள். பின் ஷாக் உள்ள சைக்கிளில் இதைச் செய்யக்கூடாது. ஷாக் அமுங்கும்போது செயின் நீளம் மாறும்.

மலையிலிருந்து இறங்குவதாக இருந்தால் வெட்டவே வேண்டாம். செயினைக் கழற்றிப் பையில் போட்டு, உடைந்த டீரெய்லர் ஸ்போக்ஸைத் தொடாதபடி ஃபிரேமோடு கயிற்றால் இறுகக் கட்டி, இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.