குதிரைக்கு லாடம் கட்ட யாரை அழைப்பது? கேள்வி பதில்

அந்தியூர்ச் சந்தையில் ஒரு குதிரை வாங்கி வந்திருக்கிறேன். எங்கள் ஊரில் மாடுகளுக்கு லாடம் கட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரையே கட்டச் சொல்லலாமா? (பொள்ளாச்சி)

குதிரைக்கு லாடம் கட்டுபவரிடம் அவர் தனியாகத் தொழில் பழகியிருந்தால் ஒழிய வேண்டாம். மாட்டின் குளம்பு பிளவுபட்டது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடுகள் அடிப்பார்கள்; அதுவும் மாட்டைக் கயிற்றால் சாய்த்து, கால்களைக் கட்டிப் படுக்க வைத்தே அடிப்பார்கள். குதிரைக்கோ குளம்பு ஒற்றையானது. அதை நிற்க வைத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கித் தொடைகளுக்கு இடையில் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். இடையிடையே காலைக் கீழே விட்டு, உடம்பின் பாரம் குளம்பின் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துத்தான் அடுத்து எவ்வளவு செதுக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். பெரியவரின் கைத்திறன் மதிக்கத்தக்கது, ஆனால் இது வேறு தொழில்.

லாடம் கட்டுபவரிடம் சான்றிதழ் கேட்கலாமா? அப்படி ஒன்று உண்டா? (திருச்சி)

இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெறாத ஒருவர் தம் சொந்தக் குதிரைக்குக்கூட லாடம் அடிக்க முடியாது. அவசர முதலுதவி, கால்நடை மருத்துவர், பயிற்சி மாணவர் போன்ற சில விலக்குகளே உண்டு. நம் நாட்டில் அத்தகைய சட்டபூர்வமான பதிவேடு இல்லாததால், தகுதியை உரிமையாளரே விசாரித்து அறிய வேண்டியிருக்கிறது. ராணுவத்தின் குதிரை, கால்நடைப் பிரிவில் லாடம் கட்டுவது தனித் தொழிற்பிரிவு. அங்கே பணிபுரிந்து ஓய்வு பெற்றவர் கிடைத்தால் அதுவே நல்ல அடையாளம். சென்னை வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளிகளிலும் விசாரியுங்கள். பந்தய லாயங்களில் வேலை பார்த்தவர் என்றால் உங்கள் குதிரை எங்கே ஓடப் போகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனெனில் பந்தயத்துக்குரிய மெல்லிய அலுமினிய லாடம் தார்ச் சாலையில் விரைவில் தேய்ந்துவிடும். யார் பரிந்துரைத்தாலும், அவர் ஓராண்டாகத் தொடர்ந்து பார்த்துவரும் இரண்டொரு குதிரைகளின் குளம்புகளை நேரில் போய்ப் பாருங்கள். நான் சான்றிதழைவிட அந்தக் குளம்புகளையே நம்புவேன்.

முதல் முறை வருபவரின் வேலை சரியா என்று, அனுபவம் இல்லாத நான் எப்படிக் கண்டுபிடிப்பது? (கோவை)

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். தொழில் அறிந்தவர் குதிரையைச் சமமான, கெட்டியான தரையில் நிற்க வைத்துப் பக்கவாட்டிலும் முன்னாலும் பார்ப்பார், பின்பு நடக்கவிட்டுப் பார்ப்பார், பழைய லாடம் எந்த ஓரத்தில் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பார். குளம்பின் முன்புறச் சரிவும் அதற்கு மேலுள்ள கணுக்காலின் சரிவும் பக்கத்திலிருந்து பார்க்கையில் ஒரே கோடாக அமைய வேண்டும். முன்நுனி நீண்டு, குதிகால் தாழ்ந்து கிடந்தால் அந்தக் கோடு பின்னோக்கி ஒடிந்து, தசைநாண்களின் மேல் சுமை ஏறும்.

செதுக்கும்போது அடிப்பாகத்தின் நடுவே முக்கோணமாக, ரப்பர் போல மெத்தென்று இருக்கும் பகுதியைக் கவனியுங்கள். அதில் தொங்கும் கிழிசல்களையும் அழுகலையும் நீக்குவது முறை. பார்வைக்கு அழகாக இருக்க வேண்டுமென்று அதை ஆழமாக அரிந்தெடுப்பது தவறு. மிக முக்கியமானது, லாடத்தைக் குளம்புக்கு ஏற்ப வளைப்பதுதான். சின்ன லாடத்தை வைத்து அடித்துவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளம்பை அரத்தால் ராவிச் சமன் செய்பவரை மறுமுறை அழைக்காதீர்கள்.

ஆணி, குளம்பின் அடியில் தெரியும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, உணர்ச்சியில்லாத சுவரில்தான் ஏற வேண்டும். கோட்டுக்கு உள்ளே போனால் உயிருள்ள சதை. வேலை முடிந்ததும் சுவரில் ஆணிமுனைகள் வெளிவந்து மடிக்கப்பட்ட இடங்களைத் தடவிப் பாருங்கள். அவை ஏறத்தாழ ஒரே வரிசையில், கையைக் கீறாதபடி படிந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிக உயரத்தில் இருந்தால் காரணம் கேளுங்கள். கேள்வி கேட்டால் கோபப்படாமல் விளக்குபவரே நீண்ட காலத்துக்கு உதவுவார்.

லாடம் கட்டிய மறுநாளிலிருந்து குதிரை நொண்டுகிறது. நாளானால் சரியாகிவிடும் என்கிறார் கட்டியவர். காத்திருக்கலாமா? (ஈரோடு)

காத்திருக்கக் கூடாது, இன்றே பாருங்கள். ஆணி சதையை அழுத்திக்கொண்டிருக்கலாம் அல்லது சதைக்குள்ளேயே இறங்கியிருக்கலாம். அந்தக் குளம்பு மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கணுவின் பின்புறம் இரு பக்கமும் விரல் வைத்தால் நாடி ஓங்கித் துடிக்கிறதா என்றும் பாருங்கள். கட்டியவரை அழைத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொல்லுங்கள். ரத்தமோ சீழோ ஒட்டியிருந்தால் கால்நடை மருத்துவர் வந்தே ஆக வேண்டும். வில்வாத ஜன்னி எனும் டெட்டனஸ் குதிரைகளை எளிதில் தாக்கிக் கொல்லக்கூடியது. தடுப்பூசி போட்ட தேதியை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

லாடம் இன்னும் தேயவில்லை. அப்படியே விட்டுவைக்கலாமா? (கொடைக்கானல்)

லாடம் தேயாவிட்டாலும் குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வரை வளர்கிறது. ஆகவே 6 முதல் 8 வாரங்களுக்குள் கழற்றிச் செதுக்கிவிட்டு, நன்றாக இருந்தால் அதே லாடத்தையே மீண்டும் அடிக்கலாம். லாடமே கட்டாத குதிரைக்கும் இந்தக் கணக்கில் குளம்பைச் சீர்செய்ய வேண்டும்.

எங்கள் குதிரை பின்னங்காலைத் தூக்க விடுவதில்லை. வருபவர்கள் அடித்துத்தான் பணிய வைக்கிறார்கள். (மதுரை)

அடிப்பவரை அனுப்பிவிடுங்கள். அதே சமயம், காலைத் தரப் பழக்குவது உரிமையாளரின் கடமை. உதைக்கும் குதிரையின் கீழே குனிந்து வேலை செய்பவரின் உயிருக்கு நாம்தான் பொறுப்பு. தினமும் இரு வேளை காலைச் சில நொடிகள் மட்டும் தூக்கி, அது இழுப்பதற்கு முன் நாமே மெதுவாகக் கீழே விட்டுப் பழக்குங்கள். முன்பு ஒழுங்காகக் காலைக் கொடுத்த குதிரை திடீரென மறுத்தால், இடுப்பிலோ மூட்டிலோ வலி இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். பழகும்வரை லாடம் கட்டும் நாளன்று மருத்துவரை வரவழைத்து, அவர் கையால் மயக்க ஊசி போட்டு வேலையை முடிக்கலாம்.