மாறன்காரியின் தம்பி

அன்புள்ள ஐயா,
யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையை எடுப்பித்த மாறன்காரி ஒரு பாண்டியப் படைத்தலைவர் என்று அறிந்தேன். அவர் வென்ற போர்கள் எவை? மதுரகவியாழ்வாரும் அவரும் ஒருவரா? மதுரையில் அவருக்கு ஏன் ஒரு சிலைகூட இல்லை?
– ஒத்தக்கடை வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

வெண்பைப் போரில் மாறன்காரி பெற்ற வெற்றியை வேள்விக்குடிச் செப்பேடு சொல்கிறது. பாண்டிய மன்னன் நெடுஞ்சடையனின் 3ஆம் ஆட்சியாண்டில் எழுந்த அச்செப்பேட்டுக்கு ஆணத்தியும், அதாவது அரசாணையை நிறைவேற்றும் அதிகாரியும், அவரே. மதுரகவி என்பது அவருடைய இன்னொரு பெயர். ஆழ்வார் திருக்கோளூரில் பிறந்தவர் என்பது மரபு. இவரோ கரவந்தபுரம் என்ற ஊரின் வைத்திய குலத்தவர். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஆளும் ஒன்றாகிவிட மாட்டார். அதை விடுங்கள்.

சிலை கேட்கிறீர்களே, ஒத்தக்கடையில் இருந்துகொண்டு, கூப்பிடு தூரத்திலுள்ள அந்தக் கல்வெட்டின் முன் ஒருமுறையாவது நின்றிருக்கிறீர்களா? உத்தரமந்திரியான (தலைமை அமைச்சரான) மாறன்காரி கற்றளியை, அதாவது அந்தக் கற்கோயிலைச் செய்து, நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்யும் முன்பே இறந்துபோனார் என்றும், அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து நீர் தெளித்தார் என்றும் அது கூறுகிறது. ஆண்டு கி.பி. 770.

என் அண்ணன் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்ச அவர் இல்லை. மிச்சமிருந்த பூச்சு வேலையை முடித்து நான்தான் காய்ச்சினேன். வாசல் நிலைக்கு மேலே சிமெண்டில் அவர் பெயரை எழுதச் சொன்னபோது, கொத்தனார் கரண்டியை நிறுத்திவிட்டு, "உங்க பேரு வேண்டாமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எயினனை என்னால் மறக்க முடியவில்லை. அமைச்சுப் பதவியும் அதிகாரமும் கைக்கு வந்திருந்தும், அண்ணன் செய்தது இவ்வளவு, தான் செய்தது இவ்வளவு என்று கல்லில் பிரித்து எழுதவைத்து, அண்ணனின் பெயரை முன்னே நிறுத்தினாரே, அந்த நேர்மையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். வெற்றியை மட்டும் தேடுகிற கண்ணுக்கு இப்படிப்பட்டவர்கள் தென்படுவதே இல்லை. மூன்றாண்டு கழித்துத் திருப்பரங்குன்றத்தில் திருப்பணி செய்த சாத்தன் கணபதியும் அதே கரவந்தபுரத்தவர்தான். அவர் மனைவி நக்கங்கொற்றி துர்க்கைக்கும் சேட்டை என்னும் மூதேவிக்கும் கோயில் எடுப்பித்ததும் அங்கே கல்லில் இருக்கிறது. அரசனின் பெயரோடு நிற்காமல் இவர்களையும் சேர்த்துப் படித்தால்தான் பாண்டிய நாட்டு வரலாறு விளங்கும்.

பிரதோஷக் கூட்டம் இல்லாத ஒரு காலையில் நரசிங்கத்துக்குப் போங்கள். கல்வெட்டிலுள்ள பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து தெரியாதென்றால் கற்றுக்கொள்ளுங்கள். இந்த வயதில் அது உங்களுக்குப் பெரிய வேலையில்லை. அண்ணன் தம்பி இருவர் பெயரையும் நீங்களே படித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.