கொழுவி இழுத்தால் மீன்பிடியா?

கேள்வி: ஆற்றில் சாமன் மீனை வயிற்றில் கொழுவினால் திருப்பி விடவேணுமாம் என்கிறார் கனடா மச்சான். எங்கே கொழுவினாலும் மீன் மீன்தானே?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: மச்சான் சொல்வது சரி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வாய்க்கு வெளியே கொழுவிய மீனை உடனே விடவேண்டும், சட்டம். முட்டையிட ஆறேறும் பசிபிக் சாமன் இரை தின்பதை நிறுத்திவிடும். அதனால் சிலர் நீளமான நூலை நீரோட்டத்தில் விடுவார்கள். திறந்த வாய்க்குள்ளால் நூல் ஓடி, கொழுக்கி வெளிப்பக்கமாய்க் கன்னத்தில் ஏறும். பார்த்தால் கடித்த மாதிரியே இருக்கும். கெட்டிக்காரக் களவு!

இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறந்தால், இரையே இல்லாத மூன்றுமுள் தூண்டிலை எறிந்து வெட்டி இழுக்கிற பெடியளை நானும் பார்த்திருக்கிறேன். ஒன்று கரைக்கு வரும். மற்றது வயிறு கிழிந்து தப்பும். தப்பி என்ன பிழைக்கவா போகிறது? மச்சானைக் கூட்டிப்போனால், மண்புழு குத்திக்கொண்டு பொறுமையாய் இருக்கிற கிழவர்களுக்குப் பக்கத்தில் இருத்துங்கோ.