சின்னக் கல்லூரியில் சேர்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு இயற்பியல் என்றால் உயிர். அமெரிக்காவில், மொத்தமே 1,900 பேர் படிக்கும் ஒரு தனியார் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. "ஆர்ட்ஸ் காலேஜில் சேர்க்கவா கடல் கடந்து அனுப்புகிறாய்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அவர்களைக் குழப்புவது 'ஆர்ட்ஸ்' என்ற அந்த ஒரு சொல்தான். பொறியியலோ மருத்துவமோ கிடைக்காதவர்கள் சேரும் இடம் என்று நம் ஊரில் அதற்கு ஒரு பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கே இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் எல்லாமே லிபரல் ஆர்ட்ஸில் அடக்கம். பொதுவாக நான்கு ஆண்டுகளில் 32 பாடங்கள். அவற்றில் பத்துப் பன்னிரண்டு மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்குப் போகும். மீதியில் வரலாறும் படிக்கலாம், இசையும் படிக்கலாம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மேஜர் எது என்று சொன்னால் போதும்.

உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலும் முதுகலை, பிஎச்.டி. மாணவர்களே கிடையாது. பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டு இயற்பியலுக்கு 200, 300 பேர் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரு பிஎச்.டி. மாணவராக இருக்கும். சின்னக் கல்லூரியில் ஆய்வகத்துக்கும் பேராசிரியரே வருவார். கோடை விடுமுறை ஆய்வில் அவருக்கு உதவிக்கு இருப்பவர்களும் இளங்கலைப் பிள்ளைகள்தான். ஓஹையோவில் உள்ள வூஸ்டர் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பேராசிரியரின் நேரடி மேற்பார்வையில் தனி ஆய்வு செய்தாக வேண்டும். போர்ட்லண்டின் ரீட் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி அணு உலை இருக்கிறது. உரிமம் பெற்று அதை இயக்குபவர்களில் இளங்கலை மாணவர்களும் உண்டு. கூடவே நின்று வேலை வாங்கிய பேராசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்குப் பிஎச்.டி. அட்மிஷனில் தனி மரியாதை. மாணவர் தொகைக்கு எத்தனை பேர் முனைவர் பட்டம் வாங்கினார்கள் என்று கணக்கெடுத்தால் ரீட், ஸ்வார்த்மோர், கார்ல்டன், ஹார்வி மட் போன்ற சின்னக் கல்லூரிகள் முன்வரிசையில் நிற்கின்றன.

ஆனால் எல்லாச் சின்னக் கல்லூரியும் ரீட் ஆகிவிடாது. துறையில் நாலைந்து ஆசிரியர்கள்தான் இருப்பார்கள் என்பதால், குவாண்டம் மெக்கானிக்ஸ் போன்ற உயர்நிலைப் பாடம் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் வரும். அதை நடத்துபவர் அந்த ஆண்டு ஆய்வு விடுப்பில் போனாலோ, உங்கள் மகள் ஒரு செமஸ்டர் வேறு நாட்டில் படிக்கப் போனாலோ, பாடம் கைநழுவிவிடும். எனவே கையேட்டில் அச்சிட்டிருக்கும் பாடப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். கடந்த நான்கு செமஸ்டர்களின் வகுப்பு அட்டவணையைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் கல்லூரியின் ரிஜிஸ்ட்ரார் அலுவலகப் பக்கத்தில் கிடைக்கும். ஒரு தாளில் கிளாசிக்கல் மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், குவாண்டம் என்று நான்கு வரி எழுதி, ஒவ்வொன்றும் எந்தெந்த செமஸ்டரில் நடந்தது, எத்தனை இடங்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஏதாவது ஒரு வரி நான்கு செமஸ்டரிலும் காலியாகவே இருந்தால், மகளையே துறைத்தலைவருக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். "அடுத்து எப்போது நடக்கும்?" என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால் துணிந்து சேர்க்கலாம். மழுப்பல் வந்தால் யோசியுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஆண்டுக்கு 35,000 டாலர் ஸ்காலர்ஷிப் தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. மொத்தச் செலவு ஆண்டுக்கு 80,000 டாலர். மீதி 45,000 டாலரை நாலு வருஷம் கட்டினால் போதும்தானே?
– ஒரு வாசகர், கோவை

பதில்: போதாது. பல குடும்பங்கள் மூன்றாம் ஆண்டில் மூச்சுத் திணறுவது இந்தக் கணக்கால்தான். மதிப்பெண்ணுக்காகத் தரும் ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் ஆண்டுக்கு இத்தனை டாலர் என்று நிலையாக நிற்கும். கட்டணமோ ஏறிக்கொண்டே போகும். ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 80,000, 83,200, 86,528, 89,989 என்று போகும். நீங்கள் கட்ட வேண்டியது 45,000, 48,200, 51,528, 54,989. கூட்டினால் 1,99,717 டாலர். நீங்கள் நினைத்த 1,80,000-ஐவிட ஏறத்தாழ 20,000 டாலர் அதிகம். ரூபாய் மதிப்பு சரிந்தால் அது தனி.

கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஸ்காலர்ஷிப் தொடர எத்தனை ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) வேண்டும்? 3.0 கேட்டால் சமாளிக்கலாம், 3.5 கேட்டால், முதல் செமஸ்டரில் தடுமாறும் பிள்ளைக்கு அது ஆபத்து. அடுத்து, அந்த 80,000-க்குள் மருத்துவக் காப்பீடும் விமானக் கட்டணமும் அடங்குமா? பல கடிதங்களில் இவை இருக்காது. மூன்றாவது, 'வொர்க் ஸ்டடி' என்று ஒரு தொகை எழுதியிருந்தால் அதை உதவித்தொகையில் சேர்க்காமல் கணக்குப் போடுங்கள். அது மகன் வேலை பார்த்தால்தான் வரும் சம்பளம். முன்பணமாகக் கட்டணத்தில் குறைக்க மாட்டார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான், அதுவும் வளாகத்துக்குள்தான் வேலை பார்க்கலாம்.

அம்ஹெர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற கல்லூரிகள் மதிப்பெண்ணுக்காக ஒரு டாலரும் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து, தேவைக்கேற்பத்தான் உதவி. அம்ஹெர்ஸ்ட், போடன் இரண்டும் வெளிநாட்டு மாணவர் பணம் கேட்கிறாரா இல்லையா என்று பார்க்காமலே அட்மிஷன் முடிவெடுக்கின்றன. பெரும்பாலான கல்லூரிகள் அப்படியல்ல. உதவி கேட்டால் இடம் கிடைப்பது கடினமாகும். அதற்குப் பயந்து, "முதலில் சேர்ந்துவிடுவோம், உதவியை அடுத்த வருஷம் கேட்கலாம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். நுழையும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு தருவதில்லை என்று பல கல்லூரிகள் விதியே வைத்திருக்கின்றன.

ஒரு கல்லூரி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே எவ்வளவு தருகிறது என்று பார்க்க, அந்தக் கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள்; கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே வடிவத்தில் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு அது. அதில் எச்6 என்ற பகுதியில் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு என்று இருக்கும். ஐ-3 பகுதியில் வகுப்புகளின் அளவு இருக்கும். விளம்பரப் புத்தகத்தில் சிரிக்கும் முகங்களைவிட இந்த இரண்டு பகுதிகளும் அதிகம் சொல்லும்.

கேள்வி: மூன்று ஆண்டு சின்னக் கல்லூரியில், இரண்டு ஆண்டு பெரிய பல்கலைக்கழகத்தில் பொறியியல் என்று ஒரு '3-2' திட்டம் சொல்கிறார்கள். நம்பலாமா?
– சேலம்

பதில்: திட்டம் உண்மைதான். ஆனால் கடைசி இரண்டு ஆண்டுக்கான உதவித்தொகையை முதல் கல்லூரி தராது. இரண்டாவது இடத்தில் அது உறுதியும் இல்லை. நண்பர்களை விட்டுப் போக மனமில்லாமல் நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு. பொறியியல்தான் என்று முடிவானால், சொந்தமாகவே பொறியியல் நடத்தும் சின்னக் கல்லூரிகளைப் பாருங்கள்: ஹார்வி மட், ஸ்வார்த்மோர், லஃபாயெட், பெண்களுக்கு ஸ்மித்.

கேள்வி: சின்னக் கல்லூரிகள் திடீரென்று மூடப்படுவதாகப் படித்தேன். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், சென்னை

பதில்: பயத்தில் நியாயம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் வெல்ஸ் கல்லூரி 1868-இல் தொடங்கியது. 2024 ஏப்ரல் இறுதியில் அறிவிப்பு வந்தது. அந்த செமஸ்டரோடு கதவு மூடியது. 1856-இல் தொடங்கிய பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரியும் அதே ஆண்டு மே மாதம் மூடப்பட்டது. இப்படி நடந்தால் எஃப்-1 மாணவர் வேறு கல்லூரி தேடுவதோடு, வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேடான செவிஸில் உள்ள தன் பதிவையும் அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டு. லாப நோக்கமற்ற கல்லூரிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வரித்துறையிடம் ஆண்டுதோறும் தரும் '990' படிவத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வரவைவிடச் செலவு தொடர்ந்து மூன்று ஆண்டு அதிகமாக இருந்தால் கவனம். அமெரிக்கக் கல்வித்துறை ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் −1.0 முதல் 3.0 வரை நிதிநிலை மதிப்பெண் போடுகிறது; 1.5-க்குக் கீழே என்றால் தள்ளி நில்லுங்கள். ஐந்தாண்டுகளில் முதலாண்டு மாணவர் எண்ணிக்கை எப்படிப் போகிறது என்பதையும் காமன் டேட்டா செட்டில் பாருங்கள். 500 பேர் சேர்ந்த இடத்தில் 350 பேர்தான் சேர்கிறார்கள் என்றால், எவ்வளவு பெரிய ஸ்காலர்ஷிப் கொடுத்தாலும் நாங்கள் சேர்க்கச் சொல்ல மாட்டோம்.

கேள்வி: பொருளாதாரம் படித்தால் அங்கே வேலை கிடைக்குமா?
– திருநெல்வேலி

பதில்: படிப்பு முடிந்ததும், மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க விடும் ஓபிடி அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு என்றால், தகுதியான வேலை இருந்தால், மேலும் 24 மாதம். பொருளாதாரத்தில் இங்கேதான் சூட்சுமம். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில், படிப்புக்கு நேரே அதன் வகையைக் குறிக்கும் ஒரு சிஐபி எண் இருக்கும். 45.0603 என்றால் அது ஸ்டெம், 45.0601 என்றால் இல்லை. இரண்டு கல்லூரிகளில் பாடங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், ஆனால் பட்டதாரிக்கு இரண்டு ஆண்டு வித்தியாசம். பணம் கட்டுவதற்கு முன்பே, பொருளாதார மேஜரின் சிஐபி எண் என்ன என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– கும்பகோணம்

பதில்: உணவுக்கூடத்தில் கிடைக்கும், அலுத்துப்போகும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், டிசம்பர், ஜனவரி விடுமுறையில் ஹாஸ்டலும் உணவுக்கூடமும் திறந்திருக்குமா என்பது. பல சின்னக் கல்லூரிகள் நகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. விடுமுறையில் தங்க அனுமதி உண்டா, தனிக் கட்டணமா, அந்த வாரங்களில் சமைக்க அடுப்பு உண்டா என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள்.