ஜீப்புக்கு எந்த எஞ்சின் ஒயில்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காத்தான்குடி வாசகர்: எங்கள் ஹொண்டா வெசெல் ஹைபிரிட்டின் ஒயில் மூடியில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. கைநூல் ஜப்பானிய மொழியில் உள்ளதால் வாசிக்க முடியவில்லை. நம் வெயிலுக்கு அது தண்ணீர் மாதிரி, 20டபிள்யூ-50 தான் தாங்கும் என்கிறார்கள். எதை ஊற்றுவது?

பதில்: மூடியில் உள்ளதையே ஊற்றுங்கள். மட்டக்களப்பில் வெளியே 34 பாகையும் நுவரெலியாவில் 15 பாகையும் இருந்தாலும், குளிர்நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாற் திறந்து மூடிக் காப்பாற்றுவதால், சூடேறிய எஞ்சினின் குளிர்நீர் இரண்டு ஊரிலும் ஏறத்தாழ 90 பாகையிலேயே நிற்கும். பின்னால் வரும் இலக்கம் 100 பாகையில் ஒயிலின் தடிப்பைச் சொல்வது. தடிப்பை அளக்கும் சென்ரிஸ்டோக் அலகில் 20 என்றால் 6.9 முதல் 9.3க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9க்குள். அதாவது ஏறத்தாழ இருமடங்கு தடிப்பை, மெல்லிய ஒயிலுக்கென்றே நெருக்கமாகக் கடையப்பட்ட பெயாரிங் இடைவெளிகளுக்குள் தள்ளச் சொல்கிறார்கள். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பொறிமுறையும் ஒயில் அழுத்தத்திலேயே இயங்குவதால், தடித்த ஒயிலில் அது பிந்தி நகரும். ஹைபிரிட்டில் எஞ்சின் ஒரே பயணத்தில் பல தடவை நின்று மீண்டும் எழும்புவதால், ஒயில் விரைவாக மேலே ஏறுவது இன்னும் முக்கியம். தடித்த ஒயில் பலமானது என்பது பழைய லொறிகளிலிருந்து வந்த நம்பிக்கை. அந்த எஞ்சின்களுக்கு அது பொய்யும் அல்ல.

கல்முனை வாசகர்: என்னுடையது டீசல் மொன்டெரோ. கடையில் ஏபிஐ எஸ்பி தரம் மட்டுமே இருந்தது. ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். எஸ் என்று தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. சிஐ-4 அல்லது சிகே-4 கேளுங்கள். டீசல் ஒயிலுக்குக் கரித்தூளைப் படிய விடாமல் மிதக்க வைக்கும் வேலையும், எரிபொருளின் கந்தகத்தால் உண்டாகும் அமிலத்தை அடக்கும் வேலையும் கூடுதலாக உண்டு. இங்கே ஓட்டோ டீசலில் சுப்பர் டீசலை விடக் கந்தகம் அதிகம், ஆகவே அதை அடிப்பவர்கள் ஒயிலைச் சற்று முந்தி மாற்றுவதே நல்லது. புகைக்குழாயில் துகள் வடிகட்டி உள்ள வண்டியென்றால், சாம்பல் குறைந்த ஜாசோ டிஎல்-1 (ஜப்பானியத் தரம்) அல்லது ஏசிஇஏ சி (ஐரோப்பியத் தரம்) வகைகளில் கைநூல் எதைக் கேட்கிறதோ அதைத் தேட வேண்டும்.

செங்கலடி வாசகர்: டீசல் ஜீப்புக்குப் புது ஒயில் ஊற்றி இரண்டே நாளில் கறுத்துவிட்டது. போலி ஒயிலா?

பதில்: நிறத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கரித்தூளைத் தன்னுள் ஏந்திக்கொள்ளும் ஒயில் கறுக்கத்தான் செய்யும். போலிக்குப் பயந்தால், கேனின் முத்திரையை உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லுங்கள். வெறுங் கேனை வேறு யாரும் நிரப்பாதபடி துளையிட்டுவிடுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: கேனில் 10,000 கிலோமீற்றர் என்று இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவதைத் தவிர எங்கள் பெற்றோல் ஜீப்புக்கு வேறு ஓட்டமில்லை. ஒரு வருடத்துக்கு மேல் விடலாமா?

பதில்: உங்கள் ஓட்டம்தான் ஒயிலுக்குக் கடினமான ஓட்டம். மூன்று நான்கு கிலோமீற்றரில் எஞ்சின் முழுதாகச் சூடேறாது. உள்ளே படியும் நீராவியும் எரியாத பெற்றோலும் ஆவியாக வெளியேறாமல் ஒயிலோடு தங்கிவிடும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு மூடியைத் திருகிப் பாருங்கள்: உட்புறத்தில் மோர் நிறத்தில் பசை படிந்திருந்தால் அது இந்த ஈரமாக இருக்கலாம். ஆறு மாதத்துக்கொரு தடவை மாற்றுங்கள், இடையிடையே ஒருமுறை பாசிக்குடா வரையாவது ஓட்டுங்கள். ஒயில் அளவுகோலிலும் அதே மோர் நிறம் தெரிந்தால் குளிர்நீர் கலக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்றுபோன வண்டியில் அப்படித் தெரிந்தால் சாவியைத் திருப்பவே கூடாது.

வாழைச்சேனை வாசகர்: இரண்டு கம்பனி ஒயிலைக் கலக்கலாமா?

பதில்: அளவு குறைந்து வழியில் நிற்கும்போது, அதே தரத்தில் அரை லீற்றர் கலப்பதால் கெடுதியில்லை.

சம்மாந்துறை வாசகர்: வீட்டிலேயே மாற்ற எண்ணுகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: ஒயில் அளவுகோலின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள், சுழலும் தண்டு அடித்து ஒயில் நுரைத்துவிடும். பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒருமுறை அவசரத்தில் அது எஞ்சினிலேயே ஒட்டியிருக்கப் புது பில்டரை மேலே பூட்டிவிட்டேன். கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் ஒயில் விளக்கு எரிந்தது, திரும்பிப் பார்த்தால் பாலம் நெடுகக் கோடு போட்டது போல ஒயில்.