பழைய முட்டியில் வார்த்த பியர்: முள்ளியவளையில் கேட்டவற்றுக்குப் பதில்

பெல்ஜியத்தில் கென்ற் நகரில் பதினெட்டு வருடம் இருந்தேன். முதலில் சமையலறை, பிறகு ஒரு பியர்க் கடையின் கவுன்ரர். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். போன மாதம் முள்ளியவளையில் மாமரத்தடியில் ஒரு போத்தல் திறந்தோம். சிமே கிரான்ட் றிசேர்வ், பெல்ஜியத்தில் துறவிகளின் மடத்தில் காய்ச்சுகிற பியர், ரம் பீப்பாவில் கிடந்து முதிர்ந்தது, முக்கால் லீற்றர், 10.5 சதவீதம். எட்டுப் பேர் ருசி பார்த்தோம். அன்று வந்தவர்களும் வராதவர்களும் கேட்கிற கேள்விகளுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எல்லாம் ஒரே இடத்தில். 21 வயது ஆகாதவர்கள் இதோடு திரும்பிவிடுங்கள், நாட்டுச் சட்டம் அப்படி.

மாங்குளத்தில் லொறி ஓட்டுபவர்: அண்ணை, சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ. என்ன ருசி?

கிளாஸில் ஊற்றினால் கறுப்புப் போலத் தெரியும். வெயிலுக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் சிவப்பு ஓடும், பாகு பதத்துக்கு வந்த பனங்கட்டி மாதிரி. நுரை பழுப்பு. மூக்கை வைத்தால் முதலில் வருவது ரம். அதற்குப் பின்னால் பேரீச்சம்பழம், முந்திரிகை வற்றல், கொஞ்சம் வனிலா. வாயில் வைத்தவுடன் இனிப்பு. நடுவில் வறுத்த தானியத்தின் கசப்பு. விழுங்கிய பிறகு நாக்கை லேசாக இழுத்துப் பிடிக்கும். நாவற்பழம் தின்றால் ஒரு இழுப்பு இருக்குமே, அதில் கால்வாசி. அது மரத்திலிருந்து வருவது. சூடு தொண்டையில் எரியாது, நெஞ்சுக்குள் மெதுவாக இறங்கும்.

குறையும் சொல்ல வேண்டும். திறந்த முதல் கால் மணி நேரம் ரம் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. பியர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. குளிர் விட்ட பிறகுதான் இரண்டும் சமாதானமாயின. பீப்பா காணாத சாதாரண நீல லேபல் சிமே 9 சதவீதம். ஒரு மாலை முழுக்கக் குடிக்க ஒன்றைத் தெரிவு செய் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். பீப்பா போட்டதெல்லாம் உயர்ந்தது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நான் அந்தக் கட்சி இல்லை.

புதுக்குடியிருப்பு, ஆசிரியர்: சீவல் தொழில் செய்த ஐயா ஒருவர் அன்றைக்கு ஏதோ சொன்னாராம். என்ன அது?

இந்தக் கேள்விக்காகவே எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். நாற்பது வருடம் பனை ஏறியவர். இப்போது முழங்கால் விடாது. கிளாஸை வாங்கியவுடன் குடிக்கவில்லை. காதுக்குக் கிட்டப் பிடித்து நுரை பொரிகிற சத்தம் கேட்டார். மணந்து பார்த்தார். முதல் வாயைக் கொப்பளித்து மண்ணில் துப்பினார். அடுத்த வாயை விழுங்கிவிட்டுச் சொன்னார்: “இது பழைய முட்டியில வார்த்த கள்ளுத் தம்பி.”

நான் கவுன்ரரில் நின்று ஆயிரம் தடவை விளக்கிய விஷயம் இது. கழுவாத முட்டியில் நேற்றைய கள்ளின் மணமும் நொதியும் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கு இறங்குகிற கள்ளு அதை எடுத்துக்கொள்ளும். பீப்பா செய்வதும் அதுதான், மாதக்கணக்கில். அதற்குள் முதலில் ரம் கிடந்தது. ரம் போனாலும் பலகைக்குள் ஊறியது போகவில்லை. பிறகு வந்த பியர் அதைக் குடித்தது.

கள்ளுக் குடிக்கிற பனையோலைப் பிளா இல்லையா என்றும் கேட்டார். இல்லை என்றதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை.

ஒட்டுசுட்டான், தச்சு வேலை: ஓக் மரம்தான் வேணுமோ? முதிரை, பாலையில் செய்தால் என்ன?

தச்சர் கேட்க வேண்டிய கேள்விதான். ஓக் பலகை வளையும், ஒழுகாது, ஆனால் காற்றை மிக மெல்ல உள்ளே விடும். நெருப்பில் வாட்டும்போது மரத்தை இறுக்கிப் பிடிக்கிற லிக்னின் என்ற பொருள் உடைந்து வனிலின் வருகிறது. வனிலா மணம் அதுவே. ஓக்கில் லக்ரோன் என்றொரு பொருளும் இருக்கிறது, அமெரிக்க ஓக்கில் கூடுதலாக. அதன் மணம் தேங்காய். அன்று “தேங்காய்ப்பால் மணக்குது” என்ற முல்லைத்தீவுத் தம்பியை எல்லோரும் சிரித்தார்கள். அவன் சொன்னது சரி.

அமெரிக்காவில் பேர்பன் விஸ்கியைக் கருக்கிய புது ஓக் பாத்திரத்தில்தான் முதிர வைக்க வேண்டும் என்று சட்டம். அதனால் பாவித்த பீப்பாக்கள் குவிகின்றன. அவற்றை உலகம் முழுக்கப் பியர்க்காரரும் ரம்காரரும் வாங்குகிறார்கள்.

முதிரை, பாலையில் முதிர வைத்து நான் கண்டதில்லை. ஆனால் நம் நாட்டில் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளிலும் முதிர வைக்கிறார்கள். நாங்கள் சவண்டலை என்பது. வெள்ளைக்காரன் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர் வைத்தான். ஆக ஓக்தான் வேண்டும் என்றில்லை.

கிளிநொச்சி, பேக்கரி வைத்திருப்பவர்: சீனி போட்டுக் காய்ச்சுகிறார்களாம். பிறகு ஏன் பாணி மாதிரி இனிக்கவில்லை?

எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக நடக்கிற இடம் இது. பெல்ஜியத்தில் வலுவான பியர் பலவற்றுக்குப் பீற் கிழங்குச் சீனி சேர்ப்பது பழைய வழக்கம். வெறும் சீனியை ஈஸ்ட் மிச்சமின்றித் தின்றுவிடும். மிஞ்சுவது அல்ககோலும் காற்றும். அதே வலு முழுவதையும் வாற்கோதுமையிலிருந்தே எடுத்தால், ஈஸ்ட் தின்னாத மாவுச்சர்க்கரை தங்கிப் பியர் கனத்துப் போகும். சீனி போடுவது பியரை இலேசாக்க. கறுப்பாகக் காய்ச்சிய சீனி என்றால் நிறமும் கருகல் மணமும் கூடுதல் லாபம். பனங்கட்டி ஞாபகம் வந்ததும் அதனால்தான். இரண்டிலும் சர்க்கரை நெருப்பில் கறுக்கிறது.

அவர்களுடைய சஞ்சிகைகளில் ‘அத்திப்பழம், ஷெரி’ என்று எழுதுவார்கள். பனையோலைக் குட்டானில் பனங்கட்டி வாங்கி வளர்ந்த நாக்கு எதற்கு அத்திப்பழத்தைத் தேட வேண்டும்?

வவுனியா, பல்கலைக்கழக மாணவர்: எனக்கு வாழைப்பழமும் கராம்பும் மணந்தது. எசன்ஸ் கலக்கிறார்களா?

இல்லைத் தம்பி. இரண்டும் ஈஸ்டின் வேலை. வாழைப்பழ மணம் ஐசோஅமைல் அசற்றேற்று. நன்றாகப் பழுத்த இதரை வாழைப்பழத்திலும் அதே பொருள்தான். கராம்பு மணம் ஈஸ்ட் விடுகிற பீனோல் வகைப் பொருள் ஒன்று. சூடான இடத்தில் நொதிக்க விட்டால் இவை பொதுவாகக் கூடும். பெல்ஜியத்தார் சாதாரண லாகர் பியர் காய்ச்சுபவரை விடச் சூடாகவே விடுவார்கள்.

மடுவிலிருந்து ஒரு அம்மா: தம்பி, சுவாமிமார் மதுபானம் காய்ச்சுகிறார்கள் என்கிறீர்கள். உண்மையா, பகிடியா?

உண்மைதான் அம்மா. திராப்பிஸ்ட் என்கிற கத்தோலிக்கத் துறவிகள் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைக் கைக்கொள்பவர்கள். தன் கையால் உழைத்துச் சாப்பிடுகிறவனே உண்மையான துறவி என்பது அந்த ஒழுங்கு. சிலர் பாற்கட்டி செய்கிறார்கள், சிலர் பாண் சுடுகிறார்கள், சிலர் பியர். சிமே பியர் வருவது ஸ்கூர்மோன் மடத்திலிருந்து. மடம் தொடங்கியது 1850இல், பியர் காய்ச்சத் தொடங்கியது 1862இல். திராப்பிஸ்ட் முத்திரை வேண்டுமென்றால் மடத்து எல்லைக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும். வருமானம் மடத்துச் செலவுக்கும் தருமத்துக்கும் போக வேண்டும். பெல்ஜியத்திலேயே ஆகெல் என்ற மடத்தில் துறவிகள் இல்லாமற் போக, 2021இல் அந்தப் பியர் முத்திரையை இழந்தது. பியர் மாறவில்லை, ஆள்தான் இல்லை.

முறிகண்டி, கச்சான் கடை: அப்ப எங்கட கள்ளைப் பீப்பாவில் ஊற்றி ஒரு வருடம் வைத்தால்?

நல்ல வினாகிரி கிடைக்கும்.

பகிடி இல்லை. கள்ளு முட்டிக்குள் சொட்டும்போதே நொதிக்கத் தொடங்குகிறது. காற்றிலும் முட்டியிலும் பாளையிலும் இருக்கிற எல்லாக் கிருமியும் அதற்குள் விழுகிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத கருப்பணி, தடவாவிட்டால் கள்ளு, அடுத்த நாள் புளிச்ச கள்ளு. தடுக்க அதில் ஒன்றுமில்லை. பியரைக் கொதிக்க வைக்கிறார்கள், ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போடுகிறார்கள், பிறகு தெரிந்தெடுத்த ஈஸ்டை மட்டும் விடுகிறார்கள். 10 சதவீத வலுவும் காவல் நிற்கிறது.

ஆனால் கள்ளுக்குச் சொந்தக்காரன் ஒருவன் அங்கேயும் இருக்கிறான். பிரசல்ஸைச் சுற்றி லம்பிக் என்று ஒரு பியர். குளிர்காலத்தில் கொதித்த சாற்றை அகன்ற தட்டத்தில் இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள். காற்றில் வருகிற ஈஸ்ட் தானாக விழும். பிறகு ஒன்று முதல் மூன்று வருடம் ஓக் பீப்பாவில். புளிப்பென்றால் அப்படி ஒரு புளிப்பு. முதல் தடவை குடித்தபோது கள்ளுத் தவறணை வாசலில் நிற்பது போலவே இருந்தது. அன்று இரவு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன், வேறு ஒன்றும் இல்லை.

வீட்டில் காய்ச்சிப் பார்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அது குற்றம். என்னிடம் செய்முறை கேட்க வேண்டாம்.

மல்லாவி, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: பியர்தானே, ஒரு போத்தலைத் தனியாக முடிக்கலாமா?

ஐயா, கணக்குப் பார்ப்போம். முக்கால் லீற்றரில் 10.5 சதவீதம் என்றால் சுமார் 62 கிராம் அல்ககோல். சாதாரண 5 சதவீதச் சிறிய பியர், 330 மில்லிலீற்றர், 13 கிராம். ஆக ஐந்து பியருக்குக் கிட்ட. சாராயக் கணக்கில் கால் போத்தலைத் தாண்டும். இனிப்பு இருப்பதால் வலு தெரியாது, எழும்பும்போதுதான் தெரியும். நாங்கள் எட்டுப் பேர், ஆளுக்குத் தேத்தண்ணிக் கிளாஸில் அரைவாசி. பிரஷர் மாத்திரை எடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை டொக்டரிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை.

துணுக்காய்: எவ்வளவு குளிர்? பைற்ஸ் என்ன?

பனிக்கட்டி போடவே வேண்டாம். பிறிட்ஜில் இருந்து எடுத்து அரை மணி நேரம் நிழலில் வைத்துத் திறவுங்கள், எங்கள் வெயிலுக்கு இருபது நிமிடமே போதும். வாய் அகன்ற கிளாஸ். ஆட்டிறைச்சிப் பிரட்டல் வைத்தோம், அது பிழை. மிளகாய் உறைப்பும் அல்ககோலும் சேர்ந்து வாய் எரிந்தது. வறுத்த கச்சானும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் தோதாக இருந்தன.

விலை கேட்ட மூவருக்கும்: வீட்டுக்காரிக்கே சொல்லவில்லை.

புளியங்குளம், வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய போத்தல் வைத்திருப்பவர்: எத்தனை வருடம் வைக்கலாம்?

இருட்டில், குளிரில், நிமிர்த்தி வைத்தால் வருடக்கணக்கில் நிற்கும். ஈஸ்ட் அடியில் உயிரோடு இருக்கிறது. வெய்யில்தான் எதிரி. நான் முதலில் கொண்டுவந்த போத்தலைத் தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி உச்சியில் வைத்து ஒரு சித்திரையைக் கடத்தினேன். திறந்தபோது நனைந்த காட்போட் பெட்டி மணமும் சோயா சோஸ் ருசியும். முழுவதையும் வாழைக்குப் பாத்தியில் ஊற்றினேன். உங்கள் போத்தல் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. கூரைக்குக் கிட்ட என்றால் இன்றைக்கே இறக்குங்கள். ஏ9 வீதியில் பஸ்ஸில் குலுங்கி வந்ததென்றால் நாலு நாள் அசையாமல் நிற்க விட்டு, ஊற்றும்போது கடைசி ஒரு விரற்கடையை அடியிலேயே விட்டுவிடுங்கள்.