கணக்கு வராத பிள்ளை பார்மசி படிக்கலாமா?

பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் குரூப் எடுத்த மகள் டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) சேர ஆசைப்படுகிறாள், கணக்கு என்றாலே அவளுக்குப் பயம், சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. தாராளமாகச் சேர்க்கலாம். இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். டி.பார்மில் கணக்குக்கென்று தனித் தாளும் கிடையாது. பார்மசி பட்டப்படிப்பான பி.பார்ம் என்றால், பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்களுக்கு முதல் செமஸ்டரில் ரெமிடியல் மேத்தமேட்டிக்ஸ் உண்டு. பெயர்தான் ரெமிடியல், அதாவது விட்டுப்போனதை ஈடுகட்டும் பாடம்; உள்ளே லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற உயர்கணிதம் வரை வைத்திருக்கிறார்கள்! பிறகு ஆறாவது செமஸ்டரில் பார்மகோகைனடிக்ஸ் (மருந்து உடலில் சேர்ந்து, பரவி, வெளியேறும் கணக்கு), எட்டாவதில் புள்ளியியல். பயம் அதிகம் என்றால் டி.பார்மே நல்ல தொடக்கம்.

மருந்துக் கடையிலும் ஆஸ்பத்திரி பார்மசியிலும் தினமும் போட வேண்டியது ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்: விகிதம், சதவீதம், தசமம். பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் அலகுகளிலும் லேபிள் படிப்பதிலும்.

ஒன்றை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பாராசிட்டமால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்று டாக்டர் எழுதியிருக்கிறார். 12 × 15 = 180 மி.கி. இதுவரை யாரும் தப்பு செய்வதில்லை. எத்தனை மி.லி. என்பது பாட்டிலைத் திருப்பிப் படித்தால்தான் தெரியும். 5 மி.லி.யில் 120 மி.கி. என்றிருந்தால் 180 ÷ 120 × 5 = 7.5 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. என்றால் 3.6 மி.லி. 1 மி.லி.க்கு 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்றால் வெறும் 1.8 மி.லி. சிரப்புக்குச் சொன்ன 7.5 மி.லி.யை அந்த டிராப்ஸில் கொடுத்துவிட்டால் 750 மி.கி. போய்விடும், வேண்டியதைவிட நாலு மடங்குக்கு மேல். பெருக்கலும் வகுத்தலும் சரியாகவே இருந்தும் குழந்தைக்கு ஆபத்து. அதனால் ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் எழுதச் சொல்லுங்கள். கடைசியில் மி.கி. அடிபட்டு மி.லி. மட்டும் மிஞ்ச வேண்டும்; மிஞ்சவில்லை என்றால் எங்கோ தலைகீழாகப் போட்டிருக்கிறாள்.

பாடத்தில் குழந்தைகளின் டோஸுக்கு யங் சூத்திரம் வரும்: வயதை, வயது கூட்டல் 12 ஆல் வகுத்து, பெரியவர் டோஸால் பெருக்குவது. மேலே சொன்ன குழந்தைக்கு 2 வயது, பெரியவர் டோஸ் 500 மி.கி. என்று வைத்துப் போட்டால் 2/14 × 500, சுமார் 71 மி.கி. எடைக் கணக்கில் வந்ததோ 180. கிளார்க் சூத்திரத்தில் எடையை 70 கிலோவால் வகுத்து, பெரியவர் டோஸால் பெருக்குகிறோம். அதில் சுமார் 86. இரண்டையும் தேர்வுக்குப் படிக்கட்டும், மதிப்பெண் உண்டு. டாக்டர் எழுதிய டோஸைச் சரிபார்க்கும்போது அந்த மருந்துக்கான கிலோ கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

கவுண்டரில் அதிகம் இடிக்கும் இன்னொரு கணக்கு மொத்த அளவு. அமாக்சிசிலின் 250 மி.கி., மூன்று வேளை, 5 நாள். கையில் இருப்பது 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள டிரை சிரப், அதாவது தண்ணீர் கலந்து கொடுக்கும் பவுடர். வேளைக்கு 10 மி.லி., மொத்தம் 15 வேளை, ஆக 150 மி.லி. 60 மி.லி. பாட்டில் இரண்டு கொடுத்தால் நாலாம் நாளே தீர்ந்துவிடும், மூன்று வேண்டும். ‘60 மி.லி.’ என்பது கலந்த பிறகு வரும் அளவு. பவுடரும் இடம் பிடிக்கும் என்பதை மறந்து 60 மி.லி. தண்ணீரையே ஊற்றினால் மருந்து நீர்த்துப்போய் ஒவ்வொரு வேளையும் டோஸ் குறையும். பாட்டிலில் போட்ட கோடு வரைக்கும்தான் தண்ணீர்.

சதவீதத்தில் ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும்: திரவ மருந்தில் 1% என்றால் 100 மி.லி.யில் 1 கிராம், அதாவது மி.லி.க்கு 10 மி.கி. அப்படியானால் 2% லிக்னோகெய்ன் மி.லி.க்கு 20 மி.கி. அட்ரினலின் 1:1000 என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், மி.லி.க்கு 1 மி.கி. தசமப் புள்ளி இதைவிடப் பொல்லாதது. தைராக்சின் 50 மைக்ரோகிராம் என்பது 0.05 மி.கி.; ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் பத்து மடங்கு. புள்ளிக்கு முன் பூஜ்யம் போடாமல் எழுதும் பழக்கம் இருந்தால் முதல் வாரமே திருத்திவிடுங்கள்.

இன்சுலினையும் சொல்லாமல் விட முடியாது. நம் ஊரில் மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வயலும் (மருந்துக் குப்பி) உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 100 யூனிட் இன்சுலினை 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கி விழுவார். வயலையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

அலிகேஷன் என்ற கலப்புக் கணக்கின் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 95% ஆல்கஹாலும் 45% ஆல்கஹாலும் கலந்து 60% வேண்டுமா? குறுக்கே கழித்தால் 15, 35. ஆக 95% மூன்று பங்கு, 45% ஏழு பங்கு. 500 மி.லி.க்கு 150, 350. அவ்வளவே.

கல்லூரி திறக்கும்வரை வீட்டில் கிடக்கும் சிரப் பாட்டில்களின் லேபிளைப் பார்த்து, தினம் ஐந்து கணக்கு போடட்டும். விடை வந்ததும், இத்தனை மி.லி. ஒரு குழந்தை குடிக்கிற அளவுதானா என்று ஒரு நொடி யோசிக்கட்டும். படிப்பு முடிந்து வரும் 500 மணி நேரப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி பார்மசி கிடைத்தால் அதையே எடுங்கள். குழந்தைகள் வார்டு, டிரிப், இன்சுலின் என்று எல்லாச் சீட்டும் அங்கேதான் வரும். மாத்திரை அட்டை மட்டும் நகரும் கடையில் இந்தக் கணக்குகள் கைக்குப் பழகாது.